வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்தின் ஒரு கிராமமும் அதன் எல்லையும்

இங்கிலாந்தின் கிராமப்புற பாரிஷ்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நாட்டிங்ஹாம்ஷயரில் நியூவார்க் நகருக்கு வடக்கே இருக்கும் லாக்ஸ்டன் என்ற சிற்றூரைப் பற்றியே நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். வேலியில்லாத பொது வயல்களை இன்றும் பழைய முறையில் பயிரிடும் ஊர் அது. அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: பாரிஷ் என்பது சர்ச்சின் பிரிவா, அரசாங்கத்தின் பிரிவா? இரண்டு வகையான ஆவணங்களிலும் வருகிறதே?

இரண்டுமே. முதலில் ஒன்றாகத்தான் இருந்தது. 10 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை, நிலப்பிரபுக்கள் தத்தம் ஊரில் ஒரு தேவாலயம் கட்டி, குருவானவர் பிழைக்க ஒரு துண்டு நிலமும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும் ஒதுக்கினார்கள். எந்த வயலின் தசமபாகம் எந்தத் தேவாலயத்துக்கு என்ற கணக்குதான் பாரிஷ் எல்லை. இது வருமான விவகாரம் என்பதால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ 1200 வாக்கில் எல்லைகள் உறைந்துபோயின. அதற்குப் பிறகு ஊர் வளர்ந்தாலும் தேய்ந்தாலும் கோடு பெரும்பாலும் நகரவில்லை.

டியூடர் அரசர்கள் காலத்தில் அரசாங்கம் தன் சுமைகளை ஒவ்வொன்றாக இதன் தலையில் ஏற்றியது. 1538-இல் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடு. 1555-இல் சாலைப் பராமரிப்பு: ஊரார் ஆண்டுக்கு 4 நாள் இலவச வேலை செய்ய வேண்டும், சில ஆண்டுகளில் அது 6 நாளானது. 1601-இல் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் அதற்கான வரியும். 19-ஆம் நூற்றாண்டில் இரண்டும் பிரிந்தன. ஏழை வரியைத் தனியாக வசூலிக்கும் பகுதிதான் குடிமைப் பாரிஷ் என்று 1866-இல் சட்டம் வரையறுத்தது. 1894-இல் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வந்தது. ஆகவே 1866-க்குப் பிந்தைய ஆவணம் கையில் இருந்தால் எந்தப் பாரிஷைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். பல ஊர்களில் இரண்டு கோடுகளும் இன்று ஒன்றல்ல.

கேள்வி: வரைபடத்தில் சில பாரிஷ்கள் மைல் கணக்கில் நீண்டு, அகலமே இல்லாமல் நாடா மாதிரி இருக்கின்றன. ஏன் இப்படி வரைந்தார்கள்?

வரைந்தவர்கள் மேஜையில் உட்கார்ந்து வரையவில்லை. நிலத்தின் மேல் நடந்து பங்கு பிரித்தார்கள். வில்ட்ஷயரின் வைலி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். நடுவில் ஆறு, இரு பக்கமும் சுண்ணப்பாறை மேடு. பாரிஷ்கள் ஆற்றங்கரையில் தொடங்கி மேட்டின் உச்சிவரை குறுக்கே நீள்கின்றன. ஆற்றோரத்தில் வைக்கோல் புல் அறுக்கும் ஈரத்தரை. அதற்கு மேலே வெள்ளம் எட்டாத இடத்தில் வீடுகள். சரிவில் தானிய நிலம். உச்சியில் மண் மெலிந்த ஆட்டு மேய்ச்சல். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் ஊர் பிழைக்காது. ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் நான்கிலும் ஒரு துண்டு வேண்டும். துண்டு போட்டால் நாடாதான் வரும்.

இதில் ஆடுதான் முக்கியம். பகலில் மேட்டுப் புல்லை மேயும் மந்தையை இரவில் விளைநிலத்துக்கு ஓட்டி வந்து, கழிகளால் பின்னிய தட்டிகளை நட்டுக் கிடை மறிப்பார்கள். மேட்டின் சத்து ஆட்டின் வயிற்றில் ஏறி வயலில் இறங்கும். தட்டிகளை நாளுக்கு நாள் நகர்த்தி முழு வயலுக்கும் உரமேற்றுவார்கள். செயற்கை உரம் வரும்வரை சுண்ணப்பாறை நாட்டில் கோதுமை விளைந்தது இப்படித்தான்.

சுண்ணப்பாறைச் சரிவின் அடிவாரத்தில் ஊர்கள் வரிசைகட்டி நிற்பதற்கும் காரணம் உண்டு. மழைநீர் பாறைக்குள் இறங்கி, கீழே இருக்கும் களிமண் தடுத்ததும் அந்தச் சந்திப்பில் ஊற்றாக வெளிவருகிறது. ஊற்றுக்கு ஓர் ஊர். லிங்கன் நகருக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் விளிம்பிலும் இதே கதை.

எல்லா இடத்திலும் பாரிஷ் சின்னதாக இருக்காது. தென்கிழக்கில் சில நூறு ஏக்கர் பாரிஷ்கள் உண்டு. வடக்கே பென்னைன் மலைப்பகுதியில் பல்லாயிரம் ஏக்கர் பாரிஷ்கள் உண்டு. ஏழை மண்ணில் ஒரு தேவாலயத்தைத் தாங்க அத்தனை நிலம் தேவைப்பட்டது.

கேள்வி: பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைபடத்தில் எல்லைப் புள்ளிக்கோட்டின் ஓரத்தில் ‘சி.எஸ்.’, ‘4 அடி ஆர்.எச்.’ என்று எழுதியிருக்கிறது. என்ன அது?

கோடு சரியாக எங்கே ஓடுகிறது என்பதற்கான குறிப்பு. ‘சி.எஸ்.’ என்றால் ஓடையின் நடு, ‘சி.ஆர்.’ சாலையின் நடு, ‘ஆர்.எச்.’ உயிர்வேலியின் வேர். ‘4 அடி ஆர்.எச்.’ என்றால் வேலியின் வேரிலிருந்து 4 அடி தள்ளி எல்லை. பெரும்பாலும் வேலியை ஒட்டிய வாய்க்காலின் வெளி விளிம்பு அங்கே இருக்கும். வாய்க்காலை வெட்டுகிறவன் மண்ணைத் தன் பக்கம் குவித்து அதன் மேல் வேலி நடுவான். ஆகவே வாய்க்காலின் அகலமும் அவன் நிலமே.

ஓடை ஓரிடத்திலும் புள்ளிக்கோடு பக்கத்து வயலில் நெளிந்தும் போனால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடை தடம் மாறிவிட்டது அல்லது யாரோ நேராக்கிவிட்டார்கள். எல்லை பழைய தடத்திலேயே நிற்கிறது. காணாமல்போன ஆற்று வளைவுகளைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

வரைபடம் இல்லாத காலத்தில் ஈஸ்டருக்குப் பின் ஐந்தாவது ஞாயிறை அடுத்த நாட்களில் ஊரார் எல்லை முழுவதும் நடந்தார்கள். சிறுவர்களையும் கூட்டிப்போய் எல்லைக் கல்லில் இடித்துக் காட்டினார்கள். அறுபது ஆண்டு கழித்து வழக்கு வந்தால் சாட்சி சொல்ல ஆள் வேண்டும் அல்லவா?

கேள்வி: லாக்ஸ்டனில் ‘திறந்த வயல்’ என்கிறார்கள். பொதுவுடைமை மாதிரியா? யார் எங்கே பயிரிடுவது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பொதுவுடைமை இல்லை. நிலம் எஸ்டேட்டுக்குச் சொந்தம், விவசாயிகள் குத்தகைதாரர்கள், விளைச்சல் அவரவருக்கு. பயிர்ச்சுழற்சியும் ஒழுங்கும் மட்டும் பொது.

ஊரைச் சுற்றி மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். உள்ளே வேலியோ வரப்புச் சுவரோ கிடையாது. ஒவ்வொரு வயலும் பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பண்ணைக்கு மூன்று வயல்களிலும் அங்கங்கே பட்டைகள் இருக்கும். நல்ல மண், கெட்ட மண், மேடு, பள்ளம் எல்லாம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது பழைய நியாயம். சுழற்சி எளிது: ஓராண்டு ஒரு வயல் முழுக்கக் குளிர்காலக் கோதுமை, மறு ஆண்டு வசந்தத்தில் விதைக்கும் வாற்கோதுமை, அவரை போன்ற பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு. தரிசு வயலில் இப்போது கால்நடைத் தீவனப்புல் போட்டு அறுப்பதும் உண்டு. மூன்று வயலும் மூன்று கட்டத்தில் இருப்பதால் எந்த ஆண்டும் எல்லாம் கிடைக்கும்.

மூன்றாம் ஆண்டு தரிசு ஏன்? லாக்ஸ்டனின் மண் சிவந்த களிமண். கனம் அதிகம், ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் கட்டியாகும். இரண்டு தானியம் எடுத்த பிறகு களை பெருகிவிடும். தரிசுக் கோடையில் களை முளைக்க முளைக்க உழுது வெயிலில் வேரைக் காயப்போடுவதுதான் அன்றைய களைக்கொல்லி. அறுவடைக்குப் பின் தாளடியிலும் தரிசிலும் ஊர் மாடுகள் எல்லாம் ஒன்றாக மேய்ந்தன. மாடு எல்லார் பட்டையிலும் ஒரே நாளில் மேய வேண்டுமானால் எல்லாரும் ஒரே பயிரை விதைத்து, ஒரே நேரத்தில் அறுத்து முடித்திருக்க வேண்டும். இந்த ஒரு தேவையிலிருந்துதான் மற்ற விதிகள் எல்லாம் பிறந்தன.

பட்டைகளுக்கு நடுவே ஏர் ஓட்ட முடியாத சதுப்பான பள்ளங்களை உழாமல் புல்லாக விட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு ‘சைக்’ என்று பெயர். கோடையில் சைக் புல்லை ஏலம் விடுகிறார்கள். பல நூற்றாண்டாக ஏரும் உரமும் படாததால் அங்கே காட்டுப்பூ வகைகள் ஏராளம். பாதுகாக்கப்பட்ட அறிவியல் முக்கியத்துவ இடமாக அறிவித்திருக்கிறார்கள்.

1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவர், அப்போதைய உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக ஊர் முழுவதையும் அளந்து, பட்டை பட்டையாக வரைபடம் போட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் அது இருக்கிறது. வயல்களில் ஏர் உழுவதும் அறுவடையும் வேட்டையும் சின்னச் சின்னச் சித்திரங்களாக உண்டு. அழகுக்காக அல்லாமல் கணக்குக்காகப் பாருங்கள்: எந்தப் பட்டை யாருடையது என்று கூடவே ஏடும் இருக்கிறது. அந்தப் பட்டைகள் இன்று அப்படியே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவற்றை ஒன்றுசேர்த்து அகலமாக்கினார்கள். டிராக்டர் திரும்ப இடம் வேண்டுமே.

கேள்வி: வேலியில்லாத வயலில் பக்கத்துக்காரர் ஒரு சால் சேர்த்து உழுதுவிட்டால் யார் கேட்பது?

‘கோர்ட் லீட்’ என்ற ஊர் நீதிமன்றம் கேட்கும். நவம்பர் இறுதியில் ஒரு நாள், ஊரிலிருந்தே எடுத்த ஜூரிகள், அந்த ஆண்டு குளிர்காலக் கோதுமை விதைத்த வயலை நடந்து பார்க்கிறார்கள். மற்ற இரண்டு வயல்களை விட்டு இந்த ஒன்றை மட்டும் ஏன்? சுழற்சியில் புதிதாக உழுது விதைத்தது இதுதான். தவறு நடந்திருந்தால் இங்கேதான் நடந்திருக்கும். மூன்றாண்டில் மூன்று வயலும் ஒரு சுற்று வந்துவிடும்.

பார்ப்பது இவற்றை: பக்கத்துப் பட்டைக்குள் ஏர் போயிருக்கிறதா, பொதுப் பாதையையோ சைக்கையோ கொறித்திருக்கிறார்களா, வாய்க்கால் தூர்வாரியிருக்கிறார்களா. சந்தேகம் வந்த இடத்தில் அளந்து புது முளைக்குச்சி அடிக்கிறார்கள். அடுத்த வாரம் நீதிமன்றம் கூடும்போது தவறு செய்தவருக்குச் சில பவுண்டு அபராதம். தொகை சின்னது; ஊர் முன்னால் பெயர் வாசிப்பதுதான் தண்டனை. அடுத்த ஆண்டு ஜூரிகளும் அங்கேயே பதவி ஏற்கிறார்கள். கூடும் இடம் ஊரின் டவ்கோட் மதுவிடுதி.

வேடிக்கைச் சடங்கு என்று ஒதுக்க முடியாது. 1977-ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டம் நாடெங்கும் இருந்த இத்தகைய பழைய மேனர் (நிலப்பிரபுவின் ஆளுகைப் பகுதி) நீதிமன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது.

தவறு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. பட்டையின் ஓரத்தில் ஆண்டுக்கு ஒரு கையளவு நகர்ந்தால் போதும். பத்தாண்டில் ஒரு சால் காணாமல் போகும். பட்டை முடிகிற இடத்தில் வண்டி திரும்பும்போது பாதையை உழுதுவிடுவது அதைவிடச் சாதாரணம்.

கேள்வி: ஊரெல்லாம் வேலி போட்டு நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது?

தப்பியது என்பதைவிட, வேலி போட வந்தவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதே பொருத்தம். பாராளுமன்றச் சட்டம் மூலம் பொது வயல்களைப் பிரித்த வேலை முக்கியமாக 1750-க்கும் 1850-க்கும் இடையில் நடந்தது. 5,000-க்கும் மேற்பட்ட சட்டங்கள். அதற்கு நில உரிமையாளர்கள் இணங்க வேண்டும். லாக்ஸ்டனில் மான்வர்ஸ் ஏர்ல், ஸ்கார்பரோ ஏர்ல் என்று பிரபுப் பட்டம் பெற்ற இரண்டு பெரிய கைகள். நிலம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தது. மாற்றிக்கொள்வதில் இணக்கம் வரவில்லை. நில அளவர், ஆணையர், வேலி, புதுச்சாலை என்று செலவும் பெரிது. மண்ணும் அத்தனை லாபம் தருகிற மண் இல்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, காலமே மாறிவிட்டது.

1952-இல் மான்வர்ஸ் ஏர்ல் லாக்ஸ்டன் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் கிரவுன் எஸ்டேட்டுக்கு (அரசமுடியின் சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்பு) போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய எஸ்டேட்தான் அது.

வேலி போட்ட ஊருக்கும் போடாத ஊருக்கும் வித்தியாசம் தெரிய ஏடு எதுவும் வேண்டாம். பண்ணை வீடுகள் எங்கே என்று பாருங்கள். லாக்ஸ்டனில் அவை ஊர்த் தெருவில் நெருக்கமாக நிற்கின்றன, பின்னால் நீண்ட மனைக்கட்டு. நிலம் மூன்று திசையிலும் சிதறியிருப்பவனுக்கு ஊர் நடுவே வீடு இருப்பதுதான் வசதி. நிலம் ஒரே இடத்தில் சேர்ந்ததும் விவசாயி வயல் நடுவே வீடு கட்டிப் போய்விடுவான். வேலி போட்ட ஊரில் சாலையும் காட்டிக்கொடுக்கும்: ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, வேலிக்கு வேலி பல இடங்களில் 40 அடி, பாரிஷ் எல்லையைத் தொட்டதும் திடீரென்று ஒரு முறுக்கு. பக்கத்து ஊர் ஆணையர் வேறு கோட்டில் போட்டிருப்பார்.

டெவனில் பிராண்டன், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவு என்று பட்டை வயல்கள் வேறு இடங்களிலும் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் நீதிமன்றத்தோடு முழு அமைப்பும் ஓடுவது லாக்ஸ்டனில்தான்.

கேள்வி: புல்தரைகளில் அலை அலையாக மேடு பள்ளம் தெரிகிறது. எல்லாமே இடைக்கால உழவின் தடமா?

எல்லாமே இல்லை. அகலத்தை அளந்து பாருங்கள். மேட்டுக்கு மேடு சுமார் 5 முதல் 10 மீட்டர் இருந்து, கோடு மெல்ல வளைந்தால் இடைக்காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். 5 மீட்டருக்கும் குறைவாக, கம்பி மாதிரி நேராக இருந்தால் 18, 19-ஆம் நூற்றாண்டுக் குதிரை ஏரோ நீராவி ஏரோ போட்டது.

பழைய ஏரின் பலகை மண்ணை வலது பக்கம் மட்டுமே புரட்டும். உழவர் பட்டையின் நடுவில் தொடங்கி, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிச் சுற்றிவருவார். இரண்டு பக்க மண்ணும் நடுநோக்கி விழும். ஆண்டுக்கணக்கில் இதையே செய்தால் நடு உயரும், ஓரம் தாழும். களிமண் நாட்டில் அது வேண்டுமென்றே செய்ததும்கூட. மழைநீர் பள்ளத்தில் வடியும்; ஈர ஆண்டில் மேட்டுப்பயிர் பிழைக்கும், வறண்ட ஆண்டில் பள்ளத்துப்பயிர் பிழைக்கும்.

வளைவு, இடவலம் திருப்பிப் போட்ட ஆங்கில ‘எஸ்’ எழுத்துப் போல இருக்கும். நீண்ட மாட்டு அணியைப் பட்டையின் முனையில் திருப்ப வேண்டுமானால் பட்டை முடிவதற்கு முன்பே மாடுகள் இடப்பக்கம் சாயத் தொடங்க வேண்டும். ஏரும் பின்னாலேயே சாய்ந்தது. பட்டையின் நீளம் 220 கெஜம், அகலம் 22 கெஜம் என்றால் அது ஓர் ஏக்கர். ஏட்டில் அப்படி, தரையில் எந்தப் பட்டையும் அத்தனை ஒழுங்கு இல்லை.

பார்க்க நல்ல நேரம், குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அல்லது லேசான பனி பெய்த மறுநாள். இரண்டாம் உலகப்போர் காலத்திலும் அதற்குப் பிறகும் புல்தரையை உழுதபோது இவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

கேள்வி: சுற்றி வீடே இல்லாத வயலில் தேவாலயம் தனியாக நிற்கிறது. கொள்ளைநோயில் ஊர் செத்திருக்குமா?

கேட்ட எல்லாரும் இதைத்தான் நினைக்கிறார்கள். 1348–49 கொள்ளைநோய் ஊர்களை மெலியவைத்தது உண்மை. ஆனால் ஒரேயடியாக ஊரைக் காலிசெய்தது அபூர்வம். பெரும்பாலும் அதற்கு நூறு ஆண்டு கழித்துக் கூலியாள் கிடைக்காமல், கம்பளி விலை போகும்போது, நிலப்பிரபு தானிய நிலத்தை ஆட்டு மேய்ச்சலாக்கி மிச்சமிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்.

யார்க்ஷயர் வோல்ட்ஸ் மேட்டுப்பகுதியில் ‘வாரம் பெர்சி’ என்ற கைவிடப்பட்ட ஊர் இதற்குச் சரியான உதாரணம். மோரிஸ் பெரஸ்ஃபோர்ட், ஜான் ஹர்ஸ்ட் இருவரும் 1950 முதல் 1990 வரை அங்கே அகழாய்வு நடத்தினார்கள். ஊர் ஏறத்தாழ 1500 வாக்கில் காலியானது. ஆனால் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் 20-ஆம் நூற்றாண்டு வரை இயங்கியது. காரணம் பாரிஷ்தான்: அந்த ஒரே பாரிஷுக்குள் திக்ஸன்டேல் போன்ற வேறு சிற்றூர்களும் இருந்தன, அந்த மக்கள் மைல் கணக்கில் நடந்து இங்கேதான் வரவேண்டும். 1870-இல் திக்ஸன்டேலில் தனித் தேவாலயம் கட்டிய பிறகுதான் கூட்டம் குறைந்தது.

வேறு காரணமும் இருக்கலாம். ஊர் சாவகாசமாகப் பெரிய சாலைப் பக்கம் நகர்ந்திருக்கும், அல்லது மாளிகையின் பார்வைக்கு இடைஞ்சல் என்று பிரபு நகர்த்தியிருப்பார்.

கேள்வி: ஒரு பாரிஷின் நிலவரலாற்றைப் படிக்க எந்த வரைபடத்திலிருந்து தொடங்குவது?

இன்றைய 1:25,000 ஆர்ட்னன்ஸ் சர்வே தாளிலிருந்து. குடிமைப் பாரிஷ் எல்லை அதில் கறுப்புப் புள்ளிகளாக ஓடும். அடுத்து 19-ஆம் நூற்றாண்டின் மைலுக்கு 6 அங்குல முதல் பதிப்பு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுற்றிவந்தால் எல்லை எங்கே மாறியது, எந்த வேலி போனது என்று தெரிந்துவிடும்.

பிறகு தசமபாக வரைபடம். 1836-ஆம் ஆண்டுச் சட்டம், தானியமாகக் கொடுத்த தசமபாகத்தைப் பணமாக மாற்றியது. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் மூன்றின் 7 ஆண்டுச் சராசரி விலைதான் அளவுகோல். இதற்காக ஒவ்வொரு பகுதியையும் வரைந்து மூன்று பிரதி எடுத்தார்கள்: ஒன்று தசமபாக ஆணையருக்கு, அது இப்போது லண்டனின் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்தில், ஒன்று மறைமாவட்டத்துக்கு, ஒன்று பாரிஷுக்கு. பின்னிரண்டும் பெரும்பாலும் மாவட்டப் பதிவகத்தில் கிடைக்கும்.

வரைபடத்தில் எண் மட்டும்தான் இருக்கும். கூட இருக்கும் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர், அனுபவதாரர், வயலின் பெயர், பயிர்வகை, பரப்பு, கட்ட வேண்டிய தொகை. பரப்பைத் தசமமாகப் படித்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. 3–2–15 என்றால் 3 ஏக்கர், 2 ரூட், 15 பெர்ச். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். ஆகவே அது ஏறத்தாழ 3.59 ஏக்கர். பட்டியல் உரிமையாளர் வரிசையில் போகும், எண் வரிசையில் போகாது. முதல் வேலையாக எண் வரிசையில் ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு மேலே இருக்கும் என்றும் நம்பாதீர்கள்.

எல்லாத் தசமபாக வரைபடமும் ஒரே தரமில்லை. சிலர் புதிதாக அளந்தார்கள், சிலர் எஸ்டேட்டின் பழைய படத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். உங்கள் பாரிஷுக்குத் தசமபாக வரைபடமே இல்லை என்றால் பயப்பட வேண்டாம்: வேலி போட்டபோதே தசமபாகத்துக்குப் பதிலாகக் குருவுக்கு நிலம் கொடுத்து முடித்திருப்பார்கள். நார்த்தாம்ப்டன்ஷயர் போன்ற மத்தியப் பகுதிகளில் இது மிகச் சாதாரணம். அங்கே வேலித் தீர்ப்பு ஆவணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: ஒரு பதிவேட்டில் 1710 ஜூனில் திருமணம், 1710 பிப்ரவரியில் அதே தம்பதியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். திருமணத்துக்கு முன்பே பிறந்ததா?

இல்லை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. பதிவேட்டின் 1710 பிப்ரவரி நமக்கு 1711 பிப்ரவரி. திருமணத்துக்கு எட்டு மாதம் கழித்து. மேற்கொண்டு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. குறித்துக்கொள்ளும்போது ‘1710/11’ என்று எழுதுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

இன்னும் சில: பதிவேடு 1558-இல் தொடங்கினால் முன்னது தொலைந்தது என்று மட்டும் பொருளல்ல. 1598-இல் பழைய தாள்களைத் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னபோது, குறிப்பாக எலிசபெத் ஆட்சி தொடங்கிய 1558 முதல் என்று சொன்னார்கள். பலர் அதற்கு முந்தையதை விட்டுவிட்டார்கள். 1642–60 உள்நாட்டுப்போர், குடியரசுக் காலத்தில் இடைவெளிகள் இருக்கும். 1783–94-இல் பதிவு ஒன்றுக்கு 3 பென்ஸ் வரி, ஏழைகளுக்கு விலக்கு. பெயரருகே ‘பி’ என்ற எழுத்து இருந்தால் அதுதான். பதிவேடு கிழிந்திருந்தால் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகலைக் கேளுங்கள். 1598 முதல் அந்த ஏற்பாடு உண்டு.

கேள்வி: ஒரு குடும்பத்தைப் பக்கத்து பாரிஷுக்கு ‘அப்புறப்படுத்தும்’ உத்தரவு கிடைத்தது. குற்றமா செய்தார்கள்?

ஏழையாக இருந்தார்கள். அவ்வளவுதான். ஏழை வரியை அந்தந்த பாரிஷ் தன் பையிலிருந்து கொடுத்ததால், யார் எந்த ஊர்க்காரர் என்பது பணப்பிரச்சினை. 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுமையாகக்கூடிய புதியவரை 40 நாளுக்குள் புகார் செய்து, இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் கையெழுத்தோடு பழைய ஊருக்கு அனுப்பலாம். ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை தருகிறவரைத் தொட முடியாது. மணமாகாதவர் ஓராண்டு முழுவதும் கூலிக்கு இருந்தாலோ, தொழில் பழகுநராக இருந்தாலோ அந்த ஊர் உரிமை வந்துவிடும். அதனால்தான் சில இடங்களில் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். ஒரு வாரத்தை மிச்சம் பிடித்து ஓர் ஆயுள் செலவைத் தவிர்த்தார்கள்.

உத்தரவோடு நிற்காதீர்கள். அதற்கு முன் நடந்த விசாரணைத் தாள் கிடைத்தால், அந்த மனிதர் எங்கே பிறந்தார், யாரிடம் எத்தனை கூலிக்கு வேலை பார்த்தார் என்று அவர் வாயாலேயே இருக்கும். ஏழை விவசாயக் கூலியின் வாழ்க்கையைப் பற்றி வேறு எந்தத் தாளும் இத்தனை சொல்லாது.

கேள்வி: இன்றைய பாரிஷ் மன்றத்துக்கு என்ன அதிகாரம்?

கொஞ்சம்தான். கல்லறைத் தோட்டம், காய்கறிப் பாத்தி நிலங்கள், விளையாட்டுத்திடல், பேருந்து நிழற்குடை போன்றவை. கட்டட அனுமதியில் கருத்துச் சொல்லலாம், தீர்மானிக்க முடியாது. பணம் கவுன்சில் வரியோடு (வீடுகளுக்கான உள்ளாட்சி வரி) சேர்த்து வசூலாகி வரும். மிகச் சிறிய ஊர்களில் மன்றமே இல்லாமல் வாக்காளர் கூட்டம் மட்டும் உண்டு. வாக்காளர் 6 பேர் சேர்ந்தால் கூட்டத்தைக் கூட்டிவிடலாம்.

கேள்வி: லாக்ஸ்டனுக்குப் போனால் எதை, எப்போது பார்ப்பது?

பூக்களைப் பார்க்க ஜூன் மாதம், சைக் புல்லை அறுக்கும் முன். வயல் அமைப்பைப் பார்க்க, மூன்று வயலும் மூன்று நிறத்தில் இருக்கும் மே முதல் ஜூலை வரை. ஊருக்கு வடக்கே நார்மன் கோட்டையின் மண்மேடு இருக்கிறது. கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவலர்களாக இருந்த எவரிங்ஹாம் குடும்பத்தின் இருப்பிடம் அது. அந்தக் குடும்பத்தின் கல்லறைச் சிலைகள் செயின்ட் மைக்கேல் தேவாலயத்தில் இருக்கின்றன. அவற்றில் ஓக் மரத்தில் செதுக்கிய பெண்ணின் சிலையைத் தவறவிடாதீர்கள்.

பொதுப் பாதையை விட்டு விலகாதீர்கள். வேலி இல்லை என்பதால் எல்லாம் நடைபாதை இல்லை. காலடியில் இருப்பது ஒருவரின் கோதுமை. அறுவடைக்கு முன் சைக் புல்லையும் மிதிக்கக் கூடாது. ஏலம் எடுத்தவருக்கு மிதிபட்ட புல் வெட்டுக்கு நிற்காது. மழை பெய்திருந்தால் கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்; அந்தச் சிவப்புக் களிமண் சாதாரணக் காலணியைக் கழற்றி வைத்துக்கொள்ளும்.